பத்துக் குடம் நல்ல தண்ணீர்

இரண்டு கான்கிரீட் துண்டுகளை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டுகிறார் வெயிலுகந்தம்மாள். ‘ணங்’ என்று கேட்டால் வலப்பக்கக் கூடைக்குப் போகிறது. ‘டொப்’ என்றால் இடப்பக்கம். சந்தேகம் வந்தால் மறு காதுக்கு மாற்றி இன்னொரு தட்டு. அதற்குள் கை அடுத்த துண்டைத் தேடிப் போய்விடுகிறது.

“ணங்குன்னா உள்ள கல்லு சுத்தமா இருக்கு. டொப்புன்னா மேல பழைய சாந்து அப்பிக்கிட்டு கெடக்கு. அதான் கேடு. ஒடம்பெல்லாம் ஓட்டை. நாம சிமெண்டுக்கு ஊத்துத தண்ணிய பூரா அது குடிச்சிட்டு உக்காந்திரும்” என்கிறார், தலையைத் திருப்பாமல்.

கோவில்பட்டிக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் சிவில் ஆய்வகத்துக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு. சாய்ப்புக்கு முன்னால், இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்துக் கொட்டிய குவியல். வெயிலுகந்தம்மாளின் இடம் அந்தக் குவியலுக்கும் சிமெண்டுத் தொட்டிக்கும் நடுவில். நாற்காலி கொடுத்தால் உட்கார மாட்டார். கான்கிரீட் கட்டி வார்க்கிற இரும்பு அச்சு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். வயது ஐம்பத்து நாலு. வேலையின் பெயர் ‘ஆய்வக உதவியாளர், தற்காலிகம்.’ தற்காலிகம் தொடங்கி இது பதினோராவது வருடம்.

அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் சித்தாள். குளத்தூர்ப் பக்கம் பிறந்து, பதினேழு வயதில் கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, வந்த மூன்றாம் மாதமே தலையில் சாந்துச் சட்டி ஏறியது. சட்டி இறங்கியும் கழுத்து இன்னும் அதை நம்பவில்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புவதில்லை. உடம்போடு சேர்ந்து திரும்புகிறார், மேலே இருப்பது சிந்திவிடும் என்பதுபோல. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. தோளில் எப்போதும் ஒரு துண்டு, சும்மாடு சுற்றத் தோதாக மடித்தபடியே.

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்ப்பார். போன வருடம் ஒரு விருந்தில், உத்தரம் தொய்ந்திருக்கிறது என்று சொல்லி, சாம்பார் ஊற்றியபின் ஒரு பந்தியையே இலையோடு எழுப்பி நகர்த்தியிருக்கிறார். உத்தரம் இன்றுவரை விழவில்லை. “விழலைன்னா அது நல்லாயிருக்குன்னு அர்த்தமா? விழுததுக்கு அதுக்கும் ஒரு நேரம் வேண்டாமா?” என்று கேட்கிறார்.

குவியலைப் பார்க்க வருகிறவர்களிடம் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: “இதுல பாதி நான் சுமந்தது.” குவியலில் பெரும்பகுதி, இடிக்கப்பட்ட ஒரு பழைய தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்தது. (இந்த ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீசு என்றுதான் பெயர்.) எந்த வருடம் சுமந்தீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். “ஒங்க அப்பனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்த வருசம்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

இந்த வட்டாரத்தில் கட்டடங்களுக்கு ஆயுசு கொஞ்சம் குறைவு. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குக் கை நுழைகிற அளவு வெடிக்கும். அதன் மேல் அஸ்திவாரம் சரியாகப் போடாமல் நிற்கிற சுவரும் கூடவே வெடிக்கும். இடித்ததைக் கொண்டுபோய் ஓடைக் கரையில், உடைமரத்து அடியில் கொட்டிவிட்டுப் போவார்கள். புதுக் கட்டடத்துக்கு மறுபடி எங்கேயோ ஒரு பாறையை வெடி வைத்து உடைத்து லாரியில் ஜல்லி வரும். கொட்டிக் கிடப்பதையே ஜல்லியாக உடைத்துப் போடலாம். ஆனால் வெயிலுகந்தம்மாள் சொன்ன அந்த ‘டொப்’ அதற்குக் குறுக்கே நிற்கிறது. பழைய சாந்து ஒட்டிய ஜல்லி தண்ணீரைக் குடிக்கும். அதில் போட்ட கான்கிரீட் பலம் குறைந்து நிற்கும்.

இதற்கு வழி தேடித்தான் பாண்டிச்செல்வி வந்தாள்.

எப்போதும்வென்றான் என்ற ஊர்க்காரி. அப்பா அங்கே உளுந்தும் பருத்தியும் போட்ட சம்சாரி. அப்பாவின் புஞ்சை மண்ணிலிருந்தே ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, முனைவர் பட்டத்துக்காக இந்தக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் நாள் சாய்ப்புக்கு வந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். கலங்கிய நீராகாரம் மாதிரி இருந்தது.

“அக்கா, இதுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு.”

“அம்புட்டுப் பேருக்கும் சாப்பாடு?”

“யூரியா.”

“புஞ்சைக்குப் போடுத யூரியாவா?”

“அதேதான். கூட கொஞ்சம் கால்சியம் உப்பு. அதத் தின்னுட்டு சுண்ணாம்பா மாத்தும். பழைய சாந்துல இருக்க ஓட்டைய எல்லாம் உள்ளுக்குள்ள போய் அடைச்சிரும்.”

வெயிலுகந்தம்மாள் பாட்டிலை வாங்கி, உடம்போடு திரும்பி வெயிலில் பார்த்தார். “அப்பம் கொத்தனாருன்னு சொல்லு” என்றார்.

அன்றிலிருந்து அவை கொத்தனார்கள்தான். மரியாதையும் குறையாது. “இவிய டீ கேக்க மாட்டாவ. பீடிக்குன்னு எந்திரிச்சிப் போக மாட்டாவ. சனிக்கிழமை சீக்கிரம் விடுங்கன்னு தலையச் சொறிய மாட்டாவ. என் வயசுக்கு இப்படி ஆளுகள இப்பதாம்ட்டி பாக்கேன்” என்று செல்வியிடம் சொல்வார்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் நாள் ஜல்லியைப் பாக்டீரியாத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். அவை கல்லில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, யூரியாவும் உப்பும் கரைத்த புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். மூன்றாம் நாள் காலையில் சாய்ப்பில் ஒரு வாடை கிளம்பும். ஆட்டுக்கிடை போட்ட புஞ்சையைக் காலையில் தாண்டிப் போனால் மூக்கில் ஏறுமே, அதே வாடை. மாணவிகள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். வெயிலுகந்தம்மாள் குனிந்து தொட்டியில் முகம் வைத்து நன்றாக இழுப்பார். “வேலைக்கு வந்துட்டாவ!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். செல்வி வருவதற்குள் அன்றைய தேதி சாக்பீஸில் சுவரில் ஏறிவிடும். வாரம் முடிந்து எடுத்தால் ஜல்லியின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். தட்டினால் ‘டொப்’ போய்விடும். ‘ணங்’ இல்லாவிட்டாலும் ‘ணக்’ என்றாவது கேட்கும்.

முடிந்த தண்ணீரை அப்படியே தரையில் ஊற்றக்கூடாது. ஆய்வகத்து விதி. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, உயிரோடு இருப்பதையெல்லாம் கொன்றபிறகுதான் ஊற்ற வேண்டும். அதுவும் வெயிலுகந்தம்மாளின் வேலைதான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஊற்றுவார். “போய்ட்டு வாங்க ராசா” என்பார். வாட்ச்மேன் சுடலைமணி இதைப் பார்த்துவிட்டு, “எங்க மதினி இருக்காவளே, கல்யாணமும் அவியதான் பண்ணி வைக்காவ, கருமாதியும் அவியதான் பண்ணுதாவ” என்று கல்லூரி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சின்னத் தொட்டிகளில் ஒன்றரை வருடம் எல்லாம் நன்றாக நடந்தது. பாக்டீரியா பூசிய ஜல்லியில் வார்த்த கட்டிகளை மிஷினில் வைத்து நசுக்கினால், முள் ஏறிக்கொண்டே போய், பாறை ஜல்லிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெயிலுகந்தம்மாள் முள்ளைப் பார்க்க மாட்டார், செல்வியின் முகத்தைப் பார்ப்பார்.

அப்புறம் பெரிய தொட்டி வந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் அங்கன்வாடிக்குப் புதுத் தளம் போட இருந்தார்கள். பெரிய அளவில் செய்த ஜல்லியும் இதே பலம் காட்டினால் அந்தத் தளத்தை இதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பொறுப்பிலிருந்த என்ஜினீயர் ஒப்புக்கொண்டார். முன்னூறு கிலோ ஜல்லி. செல்வியின் உதவித்தொகைக் காலம் முடிய ஆறு மாதம்தான் இருந்தது. இது தேறினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துத் தருவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

அது மாசி மாதம். ஜல்லியைப் பாக்டீரியாவில் ஊறப் போட்ட அன்று, சென்னையில் ஒரு கருத்தரங்குக்குச் செல்வி போக வேண்டியதாயிற்று. தொட்டியின் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனாள்: யூரியா இத்தனை படி, உப்பு இத்தனை படி, தண்ணீர் பத்துக் குடம். லிட்டரில் எழுதாமல் குடத்தில் எழுதியது வெயிலக்காவுக்காக. எந்தக் குழாயிலிருந்து என்று எழுதவில்லை. தொட்டிக்கு மேலேயே போர் தண்ணீர்க் குழாய் இருந்தது. ஒன்றரை வருடமாக அந்தக் குழாய்தான்.

அந்தப் போர் தண்ணீர், வாயில் வைத்தால் துப்பத் தோன்றுகிற உப்புத் தண்ணீர். குளித்தால் முடி கயிறாகும். சோறு வடித்தால் மஞ்சளாகும். வெயிலுகந்தம்மாள் தெருவில் அந்த மாதம் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் ஆற்றுத் தண்ணீர் வந்தது. வந்த அன்று வீட்டிலிருந்த டிரம், அண்டா, குடம், சொம்புவரை பிடித்து வைத்திருந்தார். கணவர் காலமாகி எட்டு வருடம், மகன் திருப்பூரில். ஒற்றை ஆளுக்கு அந்தத் தண்ணீர் பதினைந்து நாள் காணும். வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தால், இந்த ஊரில் முதலில் கொடுக்கிற மரியாதை ஒரு சொம்பு நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரைக் கொடுத்து அனுப்புவதைப் போல அவமானம் வேறில்லை.

“செய்யுதது பெரிய வேலை. பிள்ளைக தவந்து விளையாடப் போற தரை. நம்ம கொத்தனாருக பொறந்ததுலேருந்து உப்புத் தண்ணியத்தான குடிச்சிக்கிட்டுக் கெடக்காவ? இன்னைக்கு ஒருநாளாவது நல்ல தண்ணி குடிக்கட்டும்னு நெனச்சேன்” என்கிறார், இப்போது, கையிலிருக்கும் துண்டைத் தட்டாமல்.

சுடலைமணியின் டிவிஎஸ்ஸில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டிரண்டு குடம், ஐந்து நடை.

“மதினி, கல்லுக்கு ஆத்துத் தண்ணியா? எனக்கு ஒரு டம்ளர் குடுத்திருப்பியளா?”

“நீ என்னலே வேலை செஞ்சிட்ட? கேட்டுல உக்காந்து கொட்டாவி விட்டதுக்கு ஆத்துத் தண்ணி கேக்குதாக்கும்.”

“சரி, செல்வியம்மாட்ட கேட்டியளா?”

“வந்த பொறவு சொல்லுவேன். தேறட்டும், அப்புறம் சொல்லுதேன். மொகத்தப் பாக்கணும்லா.”

அந்தத் தண்ணீரில் வெயிலுகந்தம்மாள் வழக்கம்போல் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார். கார்த்திகையில் காய்ச்சல் பரவியபோது வீடு வீடாகக் கொடுத்த பொட்டலம். டிரம்முக்கு ஒரு சிட்டிகை என்றார்கள். இவர் ஒரு கை போட்டார், நன்மைதானே என்று. காய்ச்சல் போய் மூன்று மாதமாகியும் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரைக் குடிக்கும்போது அந்த வாடை மூக்கில் ஏறினால்தான் அவருக்கு அது நல்ல தண்ணீர். சாய்ப்பிலிருக்கும் டின்னும் வீட்டிலிருக்கும் பொட்டலமும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அங்கே அது கழிவுக்குப் போடுவது, இங்கே குடிக்கிறதுக்குப் போடுவது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் வாடை வரவில்லை. நாலாம் நாளும் இல்லை. சென்னையிலிருந்து பையோடு நேரே சாய்ப்புக்கு வந்த செல்வி தொட்டியில் முகம் வைத்தாள்.

“என்னக்கா, ஒண்ணும் வரல?”

“காத்து அடிச்சிக்கிட்டே கெடக்குல்லா. வாடை நிக்க மாட்டேங்கு.”

ஒரு வாரம் கழித்து எடுத்த ஜல்லியில் வெள்ளை சரியாகப் பூக்கவில்லை. இருந்தாலும் வார்த்தார்கள். இருபத்தெட்டாம் நாள் என்ஜினீயர் வந்து நிற்க, துறைத்தலைவர் நிற்க, மூன்று கட்டிகளை நசுக்கினார்கள். மூன்றிலும் முள் ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை. வெறும் இடிபாட்டு ஜல்லி என்ன காட்டுமோ அதுதான். என்ஜினீயர் நல்லவர். “பரவாயில்லம்மா, நல்ல முயற்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கன்வாடித் தளத்துக்கு லாரியில் பாறை ஜல்லி வந்து இறங்கியது.

அன்று சாயங்காலம் துறைத்தலைவர் அறையில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. யூரியா எடை சரிதானா, உப்பு பழசா, எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் செல்வி திரும்பி, “தண்ணி நம்ம தொட்டிக் குழாய்லதானேக்கா பிடிச்சீங்க?” என்றாள்.

ஆற்றுத் தண்ணீர் கொடுத்த கதையை வெற்றிச் செய்தியோடு சேர்த்துச் சொல்ல வைத்திருந்தார் வெயிலுகந்தம்மாள். தோல்வியோடு சேர்த்துச் சொல்ல அது தோதாக இல்லை. நல்ல தண்ணீர் கெடுதல் செய்திருக்கும் என்று அவர் நினைக்கவுமில்லை. எதற்கு வீணாக ஒரு பேச்சு என்று, “ஆமா” என்றார்.

“அந்தம்மா வேற ஏதும் மாத்திச் செஞ்சிருக்குமோ?” என்றார் துறைத்தலைவர்.

“வெயிலக்காவா? சான்ஸே இல்ல சார். நான் எழுதி வச்சா வச்சதுதான். என்னைய நம்புறதவிட அவியள நம்புவேன்” என்றாள் செல்வி.

மறுநாள் தொட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். வெயிலுகந்தம்மாள் வழக்கம்போல் பிளீச்சிங் டின்னின் மூடியைத் திறந்தார். வாடை முகத்தில் அடித்தது. காலையில் வீட்டில் குடித்துவிட்டு வந்த சொம்புத் தண்ணீரின் அதே வாடை. டின்னுக்குள் விட்ட கையை அவர் எடுக்கவில்லை. சுடலைமணி கேட்டிலிருந்து பார்த்தபோது அப்படியே நின்றுகொண்டிருந்தாராம். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம், உடம்போடும்.

சுடலைமணியிடம் மட்டும்தான் சொன்னார். “நாந்தாம்லே கொன்னுட்டேன்.”

“போய்ச் சொல்லிருங்க மதினி. கோவிச்சா ரெண்டு நாள் கோவிக்கும்.”

“என்னைய நம்புறதவிட அவியள நம்புவேன்னு அந்தப் பிள்ள சாருக்கு முன்னால சொல்லிருச்சுலே. இப்பம் போயி எந்த வாயால சொல்ல?”

நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு மாதம் போயிற்று. செல்வியின் உதவித்தொகை முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். போகும்போது வெயிலுகந்தம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்க்கா. எங்கன்னு தெரியல” என்றாள். அப்போதும் சொல்லவில்லை.

அவள் போன மறுமாதம், குளிர்பெட்டியைக் கழுவும்போது கதவோரத்தில் ஒரு பாட்டில் கிடைத்தது. செல்வி விட்டுவிட்டுப் போன கடைசிப் பாட்டில். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு அண்டாவில் ஜல்லியைப் போட்டு, பாட்டிலை முழுதாகக் கவிழ்த்து ஊற வைத்தார். மறுநாள், சுவரில் அழியாமலிருந்த சாக்பீஸ் அளவைப் பத்தில் ஒன்றாக்கி, யூரியாவும் உப்பும் கரைத்து ஊற்றினார். இந்தத் தடவை உப்புத் தண்ணீர்.

மூன்றாம் நாள் காலையில் கேட்டைத் திறக்கும்போதே சுடலைமணி கத்தினார். “மதினி, ஆடு கீடு பிடிச்சிட்டு வந்திருக்கியளா? வாடை இங்கன வரைக்கும் வருது!”

வெயிலுகந்தம்மாள் அண்டாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மண்ணில் பிறந்தவற்றுக்கு அந்த மண்ணின் தண்ணீர்தான் ஒத்துப்போயிருந்தது. ஜல்லி வெள்ளையாகப் பூத்தது. அதை வார்த்துப் பார்க்க, நசுக்கிப் பார்க்க யாருமில்லை. கொஞ்ச நாள் சாக்கில் கட்டி வைத்திருந்துவிட்டு, மழைக்குக் குழாயடியில் கால் புதைகிறது என்று மாணவிகள் சொன்னபோது அங்கே கொட்டி நிரவிவிட்டார். எல்லோரும் அதன்மேல் நின்றுதான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செல்வி வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். கையில் கருநீல அட்டை போட்ட கனத்த புத்தகம். பட்டம் கிடைத்துவிட்டது, துறைக்கு ஒரு பிரதி கொடுக்க வந்திருந்தாள். துறைத்தலைவரிடம் போகுமுன் சாய்ப்புக்கு வந்தாள்.

“டாக்டராயிட்ட. இனிமே ஏட்டின்னு கூப்புட முடியாது” என்றார் வெயிலுகந்தம்மாள்.

“கூப்புடாட்டி அடிப்பேன்.” புத்தகத்தை விரித்தாள். முழுக்க ஆங்கிலம். நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும் நடுவே ஒரு வரி தமிழில் இருந்தது. “உங்களுக்குன்னு தமிழ்ல போட்டேன். முடியாதுன்னாங்க, சண்டை போட்டுப் போட்டேன். நீங்களே வாசிங்க.”

ஐந்தாம் வகுப்புப் படிப்பு. விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘என் நுண்ணுயிர்களைத் தாயாக இருந்து வளர்த்த வெயிலுகந்தம்மாளுக்கு.’

வாசித்து முடித்தும் விரல் அங்கேயே இருந்தது. “கடைசில என்ன எழுதியிருக்க? அந்தப் பெரிய தொட்டி பத்தி?” என்று கேட்டார்.

“அதான்க்கா, சின்ன அளவுல நடக்கும். நம்ம பக்கத்து உப்புத் தண்ணில பெரிய அளவுல நடக்காதுன்னு முடிச்சிருக்கேன். தண்ணிதான் காரணமா இருக்கணும். வேற ஒண்ணுமே தப்பில்லையே.”

வெயிலுகந்தம்மாள் சொல்லிவிட்டார். பத்துக் குடம், ஐந்து நடை, ஒரு கை பவுடர், டின்னின் வாடை, பாட்டில், அண்டா, எல்லாம். நிறுத்தாமல் சொன்னார். நடுவில் ஒரு தடவைகூடச் செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்வி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “அந்தப் பாட்டில்ல கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கீங்களாக்கா?” என்றாள்.

“ஒரு சொட்டு வைக்கலட்டி. தயிருக்கு உறை எடுத்து வைக்கத் தெரிஞ்சவளுக்கு அது தெரியல.”

“என்கிட்டயும் வேற இல்லக்கா. அதான் கடைசி.”

“ஒங்க அப்பா புஞ்சையில இருக்கும்லா? மறுபடி எடுத்தா என்ன?”

“அங்கன சோலார் தகடு நிக்குக்கா. குத்தகைக்கு விட்டாச்சு. சுத்தி வேலி. எடுத்தாலும் அதே வகையப் பிரிச்சுக் கண்டுபிடிக்க ரெண்டு வருசம் ஆகும். எனக்கு லீவே ரெண்டு நாள்தான்.” கொஞ்சம் சிரித்தாள். “எவ்வளவு நாள்ல வாடை வந்துச்சு, அந்த அண்டால?”

“மூணாம் நாளு.”

“மூணாம் நாளா?”

“கேட்டு வரைக்கும் அடிச்சிச்சு. சுடலையக் கேளு.”

செல்வி தலையை ஆட்டிக்கொண்டாள். “அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாக்கா. நாலு மாசம் இருந்துச்சே. இன்னொரு தடவை போட்டிருக்கலாமே” என்றாள். அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு வெயிலுகந்தம்மாளின் முதுகில் கை வைத்து, “பரவால்லக்கா. விடுங்க. வேணும்னா பண்ணீங்க?” என்றாள். எழுந்து, உடையில் ஒட்டிய கல்தூளைத் தட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை எடுக்கக் குனிந்தாள்.

“இரு” என்றார் வெயிலுகந்தம்மாள்.

புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, தமிழ் எழுத்து தெரிகிற இடத்தில் நிறுத்தினார். வலது கை ஆள்காட்டி விரலைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்தார். விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, தன் பெயரின் மேல் வைத்து, முதல் எழுத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.